மறுநாள் கொடுத்த இரண்டு பணம்

2015 டிசம்பர் 2, புதன்கிழமை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்திருந்தது. 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ சென்னையில் முதன்முறையாக அச்சாகாமல் போன காலை அது. பேப்பர் இல்லை, கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அடையாற்றங்கரையை ஒட்டிய எங்கள் பக்கத்துச் சபை ஒன்றின் கூடத்துக்கு ஜனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். கிறிஸ்துமஸ் அசன விருந்துக்காகப் பரணில் கவிழ்த்து வைத்திருந்த அண்டா, மூன்று வாரம் முன்னதாகவே அடுப்பேறிவிட்டது. கையிருப்பில் ரவைதான் இருந்தது, உப்புமா. நட்சத்திரம் செய்ய வாங்கி வைத்த ஜிகினாப் பேப்பர் கட்டின் மேல் யாருடைய குழந்தையோ தூங்கிக்கொண்டிருந்தது.

வாலிபர் ஐக்கியத்துப் பையன் ஒருவன் ஒரு குயர் நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டான். பெயர், தெரு, எத்தனை பேர், சபை. சபை நடத்தும் முகாம்களில் எல்லாம் பெயர்ப் பதிவு அப்படித்தான் இருக்கும். பழக்கத்தில் வந்த கட்டம் அது. முதல் நாலைந்து பேருக்கு மேல் அதை அவன் நிரப்பவில்லை. கேட்க நேரமும் இல்லை, கேட்கிற மாதிரியும் இல்லை. சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டத்தில் வேறு சமாச்சாரம் ஏறத் தொடங்கியது. ‘சுகர்.’ ‘பிரஷர்.’ ‘வலிப்பு மாத்திரை நனைஞ்சிடுச்சு.’ ‘எட்டு மாசம்.’ தலைப்பை மட்டும் யாரும் திருத்தவில்லை. இன்றைக்கு அந்த நோட்டைப் புரட்டினால், ‘சபை’ என்ற தலைப்பின் கீழே வரிசையாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் இருக்கின்றன.

பேரிடரில் அந்நியருக்கு உதவுவதைக் கிறிஸ்தவ அன்பின் அடையாளமாகச் சபைகள் சொல்லிக்கொள்வது வழக்கம். மனிதாபிமானம் எல்லோருக்கும் பொது. இதில் தனியாகக் கிறிஸ்தவம் எங்கே வந்தது என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் நல்ல சமாரியன் கதை வரும் வேதப்பகுதியைப் பாதியில் மூடிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பிறனா, அடுத்திருப்பவரா

லூக்கா 10-ஆம் அதிகாரம். யூதச் சட்டம் கற்ற நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவைச் சோதிக்க வருகிறான். தன்னைப்போல் பிறனையும் நேசிக்க வேண்டும் என்ற கட்டளை அவனுக்கே தெரியும். ஆனாலும் விடாமல் கேட்கிறான்: ‘எனக்குப் பிறன் யார்?’ சுத்தமான வக்கீல் கேள்வி. எல்லைக்கோட்டைக் காட்டிவிடுங்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்கிற கேள்வி.

இங்கே தமிழ் ஒரு வேடிக்கை செய்கிறது. பழைய திருப்புதலில், அதாவது பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் இருக்கும் ‘பிறன்’ என்ற சொல்லுக்குத் தன்னைச் சேராதவன் என்றுதான் பொருள். ‘பிறன்மனை’ என்று வள்ளுவர் சொல்லும்போது வருகிற அதே பிறன். கிரேக்க மூலத்திலோ பக்கத்தில் இருப்பவன் என்ற பொருளில் ‘பிளேசியோன்’ என்று இருக்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதை ‘அடுத்திருப்பவர்’ என்று வைத்தது. கத்தோலிக்கப் பங்குகளில் இன்று காதில் விழுவது இதுதான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் இன்னமும் ‘பிறன்’. துல்லியம் என்று பார்த்தால் புதியதுதான் சரி. ஆனால் பழைய சொல்லை விட எனக்கு மனசு வரவில்லை. எட்டி நிற்பவன் ஒருவன், ஒட்டி நிற்பவன் ஒருவன். வெள்ளம் வந்தால் முதலாமவன் இரண்டாமவன் ஆகிவிடுகிறான். பதினைந்து வருஷம் ஒரே தெருவில் இருந்து ஒரு வார்த்தை பேசாதவர்கள் அன்று ராத்திரி அந்தக் கூடத்தில் ஒரே பாயில் படுத்தார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் ஒருவனைக் கள்ளர் அடித்துப் போட்டுவிடுகிறார்கள். ஆலயத்துப் பூசாரியான ஆசாரியன் விலகிப் போகிறான், ஆலய ஊழியனான லேவியன் விலகிப் போகிறான். யூதர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடத் தயங்கும் சாதியான சமாரியன் நிற்கிறான், ‘மனதுருகி’. கிரேக்கத்தில் அந்த வினை குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ‘வயிறு பதறிப்போச்சு’ என்று நம்மூரில் சொல்வோமே, அதுதான். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, ‘தன் சுயவாகனத்தில் ஏற்றி’ சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த வரியை வாசித்தால், ‘என்ன வண்டி அங்கிள்?’ என்று கேட்காத வகுப்பில்லை.

கடைசியில் இயேசு கேள்வியையே புரட்டிவிடுகிறார். யார் எனக்குப் பிறன் என்று வந்தவனிடம், அடிபட்டவனுக்கு இந்த மூன்று பேரில் எவன் பிறனாயிருந்தான் என்று கேட்கிறார். நியாயசாஸ்திரிக்குச் ‘சமாரியன்’ என்ற சொல் வாயில் வரவில்லை. ‘அவனுக்கு இரக்கஞ்செய்தவனே’ என்று சுற்றி வளைத்துச் சொல்லித் தப்பிக்கிறான்.

நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் எண்ணெயோடும் திராட்சரசத்தோடும் நின்றுவிடும். கதை அங்கே நிற்கவில்லை. அடுத்த வசனம் ‘மறுநாளிலே’ என்று தொடங்குகிறது. ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறான். காலையில் புறப்படும்போது இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரக்காரன் கையில் கொடுக்கிறான். அன்றைய கணக்கில் அது ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்கிறான். நிவாரணத்துறை ஆட்கள் திட்டம், நிதி, தொடர்பணி என்று பெரிய பெரிய சொற்களில் பேசுவது அத்தனையும் இந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. முதல் நாள் யாருக்கும் மனசு இளகும். பேரிடர்களில் கிறிஸ்தவர்கள் செய்ததை எடைபோட வேண்டுமானால் இந்த மறுநாளைத்தான் தராசாக வைக்க வேண்டும்.

பந்தி விசாரிப்பு

சபை பிறந்த சில காலத்திலேயே வந்த முதல் உள்சண்டை சாப்பாட்டுப் பங்கீட்டில்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்கம் பேசும் விதவைகளைத் தினப்படி விசாரிப்பில் விட்டுவிடுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுகிறது. மொழி வேறு, ஆட்கள் வேறு, தட்டு வரவில்லை. உடனே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்த வேலையை ஒப்படைக்கிறார்கள். தமிழ் வேதாகமம் இதைப் ‘பந்திவிசாரணை’ என்கிறது. கல்யாண வீட்டில் இலைக்கு இலை குனிந்து ‘சாம்பார் வந்துச்சா?’ என்று கேட்டுப் போகிறாரே தாய்மாமன், அந்த வேலை. அந்த ஏழு பேரில் ஒருவர் ஸ்தேவான். மேற்கத்திய நாட்காட்டியில் அவர் திருநாள் டிசம்பர் 26. இந்தத் தேதி மறுபடி வரும்.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபோது, கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான் தம் சபையாரிடம் நம்மவரை மட்டும் பார்த்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை என்றார். சபையைத் துன்புறுத்திய ஊரில் துன்புறுத்தியவர்களையும் சேர்த்துக் கவனிக்கச் சொன்ன பேச்சு அது. நூறு வருஷம் கழித்து வந்த ஜூலியன் பேரரசர் கிறிஸ்தவர்களை அடியோடு வெறுத்தவர். அவரே கலாத்தியாவின் பூசாரித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் சொல்வார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே என்று புழுங்குகிறார். ஊர் ஊராகச் சத்திரம் கட்டு, அந்நியர் தங்கட்டும் என்றும் உத்தரவு போடுகிறார். வேண்டாதவன் தரும் சான்றிதழுக்குத் தனி மதிப்பு உண்டு.

அந்நியரை நேசிப்பதற்குக் கிரேக்கத்தில் ‘பிலொக்ஸேனியா’ என்றே ஒரு சொல் இருக்கிறது. எபிரெயர் நிருபம் 13-ஆம் அதிகாரத்தில் வருவது. தமிழுக்கு இது புதிதல்ல. விருந்து என்றால் முதலில் புதுமை. பிறகு புதிதாக வந்தவர். சாப்பாடு என்ற பொருள் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. முகம் தெரியாதவருக்கு இலை போடும் ஊரில்தான் இந்த வேதப்பகுதிகள் தமிழில் இறங்கின.

கஞ்சித்தொட்டியும் கால்வாயும்

ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைப் பெரியவர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1782-இல் ஹைதர் அலியோடு நடந்த போரை ஒட்டி வந்த பஞ்சத்தில், அங்கே மணியக்காரர் சத்திரம் என்ற இடத்தில் கஞ்சி ஊற்றினார்கள். கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகள் இருந்தார்கள். சத்திரம் மெல்ல ஆஸ்பத்திரியானது. லூக்கா சொல்லும் சத்திரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் மனதில் வரும், இதைத் தொடங்கியது மிஷன் இல்லை என்றாலும்.

1876 முதல் 78 வரை நீண்ட பஞ்சத்தின் கதை வேறு. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். நிவாரண வேலை என்ற பெயரில், பசியில் நிற்க முடியாதவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது அரசு. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து நகரத்துக்குள் எட்டு கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டப்பட்டது அப்போதுதான். அன்றைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள் காலூன்றி நிற்கின்றன. சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறோம்.

அதே கால்வாயின் வடக்குப் பகுதியில், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ஒங்கோல் அருகே, ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி மூன்றரை மைல் தூரத்துக்கு வெட்டும் குத்தகையை எடுத்தார். பிரசங்கியார் மண்வேலைக் குத்தகைதாரர் ஆன கதை. காரணம் இருந்தது. நிவாரண வேலைகளில் மேஸ்திரிகள் கூலியில் கை வைப்பதும், தாழ்த்தப்பட்ட சாதி ஆட்களை அடித்து விரட்டுவதும் சாதாரணம். கிளஃப் தம் உபதேசியார்களையே மேற்பார்வைக்கு வைத்தார். அவர்களும் வேலைக்கு வந்தவர்களில் பலரும் தாழ்த்தப்பட்ட தெலுங்குச் சாதியான மாதிகர்கள். இலைக்கு இலை குனிந்து பார்க்கும் பந்தி விசாரிப்பை அவர் மண்ணள்ளும் இடத்தில் செய்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை யோசிக்க வைப்பது. கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களுக்கு, நிவாரணப் பணம் தம் கையில் இருக்கும்வரை முடியாது என்று ஓராண்டுக்கும் மேலாக மறுத்தார். ஒரு கையில் அரிசியும் இன்னொரு கையில் ஞானஸ்நானமுமாக நிற்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற ஏச்சு அன்றைக்கே இருந்தது. சும்மா எழுந்த ஏச்சும் இல்லை. நிவாரணம் முடிந்து 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மிஷன் வரலாறு இதைக் கொண்டாடும். கஞ்சி நின்ற பிறகும் கஞ்சியின் நன்றி நிற்குமா என்று மற்றவர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் மாதிகரை மனிதராக நடத்திய முதல் மேற்பார்வை அந்தக் கால்வாய்க் கரையில்தான் கிடைத்தது என்றால், அவர்கள் மனம் சாய்ந்தது வயிற்றால் மட்டும்தான் என்று முடிவுகட்டுவதும் அவர்களைச் சிறுமைப்படுத்துவதுதான். நான் இதில் தீர்ப்புச் சொல்லத் தயாராக இல்லை.

கால்வாய்க்கு ஒரு பின்கதை உண்டு. 2004-இல் ஆழிப்பேரலை வந்தபோது, ஆந்திரக் கரை நெடுக இந்தக் கால்வாய் கடல்நீரை வாங்கிக்கொண்டு பல ஊர்களைக் காத்தது என்று புவியியலாளர்கள் எழுதினார்கள். பசியில் வெட்டியவர்கள், நூற்றிருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு பிறக்கப்போகும் யாரையோ மேட்டில் ஏற்றிவிட்டார்கள்.

டிசம்பர் 26

ஸ்தேவானின் திருநாள், 2004. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரத்துக்குக் காலை 6.29. ஒன்பது மணியை ஒட்டி மெரினாவிலும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும் கடல் ஊருக்குள் நுழைந்தது. சென்னையில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்தைத் தொட்டது. வேளாங்கண்ணியில் செத்தவர்களில் பெரும் பங்கு, எங்கிருந்தோ கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர்கள். பேர் ஊர் தெரியாமலே புதைக்கப்பட்டார்கள். சாந்தோம் தேவாலயத்தின் பின்புறம் தோமையார் நட்டதாகச் சொல்லப்படும் மரத்தூண் இருக்கிறது. அதைத் தாண்டிக் கடல் வரவில்லை என்று பக்தர்கள் நம்புகிறார்கள். தூண் விஷயம் அவரவர் விசுவாசம். அந்த வாசல்கள் அன்று குப்பத்து ஜனங்களுக்குத் திறந்தே இருந்தன, யாரும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்கவில்லை.

அதற்குள் உலகளவில் ஒரு கட்டுப்பாடு எழுத்தில் வந்துவிட்டிருந்தது. 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பேரிடர் நிவாரணத்துக்கான நடத்தை விதிகளை வகுத்தன. இனம், மதம் பார்க்காமல் உதவ வேண்டும். உதவியை அரசியலுக்கோ மதத்துக்கோ கருவியாக்கக் கூடாது. முன்னின்று வகுத்த எட்டு அமைப்புகளில் கத்தோலிக்கக் காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் எல்லாம் உண்டு. கிளஃப் தனியாக நின்று தமக்குத் தாமே போட்டுக்கொண்ட விதி, நூற்றுப் பதினாறு வருஷம் கழித்துப் பொதுவிதி ஆனது. போப் பதினாறாம் பெனடிக்ட் 2005 டிசம்பர் 25 தேதியிட்டு வெளியிட்ட தம் முதல் சுற்றுமடலிலும் இதைத்தான் சொன்னார்: அன்பு இலவசம், வேறு காரியத்தைச் சாதிக்கும் உபாயம் இல்லை. விதியை மீறியவர்கள் இல்லையா? இருந்தார்கள். போர்வையோடு துண்டுப்பிரதி வைத்துக் கொடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். மழையில் அந்தத் தாள்தான் முதலில் கரைந்தது.

துண்டுப்பிரதியைவிடப் பெரிய பழுது வேறு இடத்தில் இருந்தது. நாடெங்கும் இருந்து லாரி லாரியாக வந்த பழைய துணி நாகைச் சாலையோரங்களில் குவிந்து நனைந்து நாறியது. மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. நேற்றுவரை தானே சம்பாதித்து உடுத்தியவளுக்கு ஊரான் கழித்த நைட்டியை நீட்டினால் அது இரக்கமாகாது, பரண் சுத்தம் செய்வது. முகாம்களில் சாதி புகுந்ததும் அன்றே எழுதப்பட்டது. தலித் குடும்பங்கள் தனியே ஒதுக்கப்பட்டார்கள். படகு இல்லாத கூலிகள் பாதிக்கப்பட்டவர் பட்டியலிலேயே வரவில்லை. கிரேக்கம் பேசும் விதவைகளின் முறுமுறுப்பு அப்படியே. இந்தச் சாதிக்குச் சபைகளும் விலக்கில்லை. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய வரலாறு தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு பந்தி விசாரிக்கப் போனவர்கள்தான் நாம்.

யார் சமாரியன்?

2015-இல் கோட்டூர்புரம், முடிச்சூர், வேளச்சேரிப் பக்கம் மாடிகளில் நின்றவர்களை இறக்கியவர்களில் பலர் மீனவர்கள். கட்டுமரத்தையும் பைபர் படகையும் லாரியில் ஏற்றிக்கொண்டு குப்பங்களிலிருந்து வந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நிவாரணம் வாங்க வரிசையில் நின்ற அதே கரை. மீன் வாடை அடிக்கிறது என்று பஸ்ஸில் முகம் திருப்பிக்கொள்ளும் நகரம், அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு படகில் இறங்கியது. மசூதிகள் திறந்தன, குருத்வாராவிலிருந்து ரொட்டி வந்தது. எங்கள் கூடத்துக்கு இரண்டாம் நாள் ராத்திரி பிரியாணி டேக்சா வந்தது பக்கத்துத் தெரு ஜமாத்திலிருந்து. உப்புமாவில் அலுத்துப்போயிருந்த சபையார் அன்று ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள்.

நல்ல சமாரியன் என்று ஆஸ்பத்திரிக்கும் அறக்கட்டளைக்கும் பெயர் வைத்து, அந்த வேஷம் நமக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டோம். கதையை முதலில் கேட்டவர்கள் ஆசாரியனின் ஆட்கள், லேவியனின் ஆட்கள். உன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறவன் உன்னைத் தூக்கி வண்டியில் ஏற்றுவான், அவன் கையால் எண்ணெய் வாங்கிக்கொள்ள உனக்குச் சம்மதமா என்பதும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பக்கத்தை முழுசாகக் காட்டியது 2015 வெள்ளம்தான் என்று நினைக்கிறேன். அதே நாட்களில் நிவாரணப் பொட்டலங்களில் ஸ்டிக்கர் ஒட்டிய விவகாரம் ஊர் சிரித்தது. வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற மலைப்பிரசங்கத்தை மேற்கோள் காட்டி அதைக் கிண்டலடித்த சபைகளில் சில, மறுவாரமே தங்கள் பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தன.

2020 ஏப்ரலில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கொரோனாவில் இறந்துபோன மருத்துவர் ஒருவரைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது ஒரு கூட்டம் மறித்தது. வேலங்காட்டுக்குப் போனார்கள், அங்கே கல்லும் கட்டையும் பறந்து ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்து அவரைப் புதைத்தார். மறித்தவர்கள் ராட்சதர்கள் இல்லை, பயந்தவர்கள். எரிகோ பாதையில் விலகிப் போனவர்களும் பயந்துதான் போயிருப்பார்கள். கள்ளர் இன்னும் பக்கத்தில் இருக்கலாம், பிணத்தைத் தொட்டால் தீட்டு. பயத்துக்கு எப்போதும் நியாயமான ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அடுத்த மாதங்களில் தமுமுக போன்ற முஸ்லிம் அமைப்புகளின் இளைஞர்கள் கவச உடையோடு போய், உறவினர் அஞ்சிய உடல்களை அவரவர் மத முறைப்படி அடக்கம் செய்தார்கள். சிப்ரியான் சபையாரிடம் கேட்ட வேலை அதுதான்.

திரும்பிப் போக வேண்டிய வீடுகள்

மறுநாளின் கணக்கு சென்னையில் அவ்வளவு பெருமையாக இல்லை. ஆழிப்பேரலையில் வீடிழந்த கடற்கரைக் குடும்பங்கள் பலவற்றைக் கொண்டுபோய்ச் செம்மஞ்சேரியில் குடிவைத்தார்கள். கடல் கண்ணுக்கு எட்டாத தூரம். ஐப்பசி பிறந்தால் தண்ணீர் தேங்கும் தாழ்வான நிலம். கடலிலிருந்து காப்பாற்றி ஏரியில் இறக்கிவிட்ட கதை. வீடு கட்டிக் கொடுத்ததும் கல்வெட்டு வைத்து, பாராட்டு விழா நடத்தி, போய்விட்டோம், அரசும் அமைப்புகளும் சேர்ந்து. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய அலுவலகங்களிலிருந்து குப்பத்துச் சின்னக் குழுக்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் அதோடு நின்றது.

மிஞ்சியிருப்பவை பழைய வழிகள். கத்தோலிக்கப் பங்குகளில் முப்பது நாற்பது குடும்பங்களைச் சேர்த்து ‘அன்பியம்’ என்று வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை என்பது அன்பியத் தலைவிக்குத் தெரிந்த அளவுக்கு வார்டு ஆபீசில் தெரியாது. பாரிசில் 1833-இல் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகள் இங்கே பங்குதோறும் உண்டு. பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது, வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். சி.எஸ்.ஐ. பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்து வைக்கும் பிடியரிசி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இவை எதற்கும் மழை வரக் காத்திருக்கத் தேவையில்லை. மழை வந்தால் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்பது முன்னமே தெரிந்திருக்கும், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தபோது, மூன்றாம் மாடிப் பாட்டிக்குப் பால் போனது இப்படித் தெரிந்தவர்கள் வழியாகத்தான்.

அந்த ஒரு குயர் நோட்டு இப்போது சபை அலுவலகத்துப் பீரோவில், ஞானஸ்நானப் பதிவேடுகளுக்குக் கீழே கிடக்கிறது. போன மாதம் வேறு எதற்கோ தேடும்போது கையில் அகப்பட்டது. அட்டை வீங்கியிருந்தது. கடைசிப் பக்கத்தில் வேறொரு கையெழுத்து, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையுடையதாக இருக்கும். தலைப்பு: ‘திரும்பப் போக வேண்டிய வீடுகள்.’ பதினோரு விலாசம். ஒன்றின் பக்கத்தில் ‘மெத்தை’, ஒன்றில் ‘ரேஷன் கார்டு நகல்’, ஒன்றில் ‘தையல் மிஷின் மோட்டார்’. ஆறு பெயருக்கு நேரே பச்சை மையில் டிக் போட்டிருந்தது. மோட்டாருக்கு நேரே போடவில்லை. அந்த அம்மா அதே தெருவில்தான் இருக்கிறார். காலையில் பால் வாங்கப் போகும்போது பார்க்கிறேன்.